சிவக்காத நகங்கள்

சிவப்பு என்று சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

குழுவில் ஒன்பது பேர். கிருமி தயாராகிவிட்டது. தோல் பதனிடும் தொழிலாளியின் நகக்கண்ணில் ஒரு சொட்டு வைத்தால் போதும், தேர்தல் மை வைப்பதுபோல. அது அங்கேயே குடியிருக்கும். உடம்பில் குரோமியம் அளவுக்கு மீறி ஏறினால் வியர்வையில் கசியும். கிருமி அதை உணர்ந்து நகத்துக்கு நிறம் ஏற்றும். என்ன நிறம் என்பதுதான் பாக்கி. நீலம் என்றார் ஒருவர். குரோமில் ஊறிய தோலே நீலம்தான், அங்கே வேலை செய்கிறவர்களின் கை எப்போதுமே நீலம் பூத்துத்தான் இருக்கும் என்று தள்ளுபடி ஆயிற்று. கறுப்பு என்றால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளை என்றால் வெண்குஷ்டம் என்று பேச்சு கிளம்பி, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களுக்கு மாப்பிள்ளை அமையாது. "சிவப்பு வச்சிடலாமே, மங்களகரமா இருக்கும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "லேடீஸ் ஒருத்தர் இருந்தா இதான் வசதி" என்று இயக்குநர் பாராட்டக்கூடச் செய்தார்.

எட்டு ஆண்கள், ஒரு பெண். ஒருவருக்கும் மருதாணி நினைவுக்கு வரவில்லை. என் கல்யாணத்துக்கு முழங்கை வரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோற்றைக் கரண்டியில் தின்றவள் நான். எனக்காவது வந்திருக்க வேண்டும்.

என் பெயர் பூங்கோதை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியல் விஞ்ஞானி. வட மாவட்டம் ஒன்றில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு தோல் தொழிற்சாலையில்தான் கிருமியை முதலில் பரீட்சித்தோம். இருநூற்றுப் பதினான்கு தொழிலாளர்கள். விதி எளிது: நகம் சிவந்தால் இருபத்தொரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. மூன்றாவது முறை சிவந்தால் இந்த வேலைக்கு உடம்பு ஏற்றதல்ல என்று எழுதி நிரந்தரமாக அனுப்பிவிடலாம். எல்லாம் தொழிலாளியின் பாதுகாப்புக்காக. அதுவரை மாதம் ஒருமுறை நடந்துவந்த சிறுநீர்ப் பரிசோதனையை, இனி நகமே போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.

முதல் வருடம் பெண்கள் எல்லாரும் பன்னிரண்டு மாதமும் மருதாணி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தொடர்ந்து கல்யாணம் நடந்துகொண்டே இருந்தது. எனக்கு விஷயம் புரிய எட்டு மாதம் ஆயிற்று. அசடு வழிந்தபடி ஒரு கைவிளக்கு செய்து கொண்டுபோனேன். அதன் நீல ஒளியில் கிருமியின் சாயம் மட்டும் மின்னும், மருதாணி மின்னாது. இரண்டாம் வருடம் கையும் களவுமாகப் பலர் மாட்டினார்கள். தோலைக் குரோமியத்தில் உருட்டும் டிரம் பிரிவில் வேலை செய்த சகாயமேரி என்ற பெண் இரண்டு முறை மாட்டினாள்.

பிறகு திடீரென்று எல்லாம் நின்றது. மூன்று மாதமாக விளக்கின் கீழ் ஒரு நகம்கூட மின்னவில்லை.

மூன்றாம் மாதமான பிப்ரவரியில் நான் போனபோது பாதுகாப்பு அதிகாரி தட்சிணாமூர்த்தி இளநீர் வெட்டிவைத்துக் காத்திருந்தார். "எல்லாம் உங்க டெக்னாலஜி மேடம். பயம் வந்துச்சு, ஜனங்க ஒழுங்கா கிளவுஸ் போடறாங்க. நீங்க ஒரு சான்றிதழ் குடுத்துட்டா டிரம் பிரிவை ரெண்டு ஷிப்டுலேர்ந்து மூணாக்கிடலாம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சகாயமேரியின் முறை வந்தது. நாற்பது வயதிருக்கும். விளக்கின் கீழ் நகம் சுத்தம். நான் குனிந்து பார்த்தபோது மெலிதாக ஒரு விசில் கேட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நிமிர்ந்தேன். யாரும் விளையாடவில்லை. சகாயமேரி மூச்சு விடும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது.

"மூக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். கைவிளக்கைத் திருப்பிப் பிடித்தேன். இரண்டு துவாரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவரில் பட்டாணி அளவு ஓட்டை. அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டுக் காட்டுவார்கள். குரோமியத்தைத் தவிர வேறெதுவும் ஒரு தொழிலாளியின் மூக்கில் அப்படிக் கையெழுத்துப் போடுவது அபூர்வம்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆவுது ஒரு வருசம். வலி ஒண்ணுமில்ல டாக்டரம்மா. பாட்டுத்தான் பாடுது" என்று சிரித்தாள்.

பின்னால் நின்ற பெண் பெருமையோடு சொன்னாள்: "மேரியக்கா கைராசி மேடம். அக்கா அரைச்சு வச்சா அப்புறம் செவக்கறதே இல்ல. ஆம்பளைங்ககூட வந்து சுண்டு விரலுக்கு வச்சிக்கினு போறாங்க."

மூக்கில் ஓட்டை, நகத்தில் ஒன்றுமில்லை. பஞ்சுக் குச்சியால் அவளுடைய பத்து நகக்கண்ணிலும் துடைத்து எடுத்துக்கொண்டு சென்னை திரும்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் அதிக வேலை இருக்கவில்லை. பழைய கிருமியைக் குரோமியம் கலந்த தட்டில் விட்டால் ஆறு மணி நேரத்தில் குங்குமமாகச் சிவக்கும். சகாயமேரியின் கையிலிருந்து வந்தது செழித்து வளர்ந்தது. ஆனால் தயிர்போல வெள்ளையாகவே இருந்தது. குறிப்பேட்டில் அவள் பெயரையும் மாதிரி எண்ணையும் முடிவையும் எழுதி, தேதி போட்டேன். பிப்ரவரி இருபத்தேழு.

இயக்குநரிடம் சொன்னேன். "ஒரு ஆளோட மாதிரிதானே. இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க. அதுக்காக சான்றிதழை நிறுத்த வேண்டாம், நாலு மாவட்டம் இதுக்காகக் காத்திருக்கு" என்றார். மார்ச் மூன்றாம் தேதி கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பூசி மெழுகப்போவதில்லை. பயந்தேன். அதோடு எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் சொல்லிக்கொண்டேன்: நான் உண்மையை எழுதினால் புதுக் கிருமி வைப்பார்கள், சகாயமேரி மூன்றாவது முறையாகச் சிவப்பாள், வேலை போய்விடும். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன். நன்றாகவே தூக்கம் வந்தது.

ஆனால் அந்த விசில் சத்தம் விடவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் விட்டு அவள் திரும்பும் நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. கணவர் கேரளாவில் கட்டட வேலை. மகள் நர்சிங் விடுதியில். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சகாயமேரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"உங்க கையில இருக்கிற கிருமி சாகல மேரி. நல்லா இருக்கு. ஆனா ஊமையாயிடுச்சு" என்றேன்.

"ஊமைன்னா?"

"அதுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. வாட்ச்மேன்னு வச்சுக்குங்க. சாயம் செய்யற ரூம் கதவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். குரோமியம் வந்து அதும்மேல ஒட்டினா கதவை விட்டு நகந்துடும். கதவு திறக்கும், சாயம் வரும். கிருமிக்குக் கண்ணு காது எல்லாம் அதான்."

"இப்ப அந்த வாட்ச்மேன் நவுர மாட்டேங்குறான்."

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க அவனுக்கு?"

"யாரும் இல்ல. சாயம் செய்யறது கிருமிக்குப் பெரிய செலவு. தின்னறதுல பாதி அதுக்கே போயிடும். கோடியில ஒண்ணு வாட்ச்மேன் பிசகிப்போய்ப் பொறக்கும், அது சாயமே செய்யாது. மிச்சமான தெம்புல வேகமா பெருகும். குரோமியம் கம்மியா இருக்கிற கையில இதுனால லாபம் இல்ல, அங்க எதுவுமே சாயம் செய்யறதில்லையே. ராப்பகலா கத்திக்கிட்டே இருக்க வேண்டிய கையிலதான் ஊமை ஜெயிக்கும்."

அவள் தன் கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள்.

"அப்போ என் கை சுத்தமா கீதுன்னா, எனுக்குத்தான் எல்லாரையும்விட ஏறிக்கீதுன்னு அர்த்தம்."

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"அந்தக் கைராசி?"

"வாரா வாரம் மருதாணி வச்சீங்க இல்ல. மருதாணி நிறைய கிருமியைக் கொல்லும். உங்க கையில இருக்கறது அதையும் தாங்கப் பழகிடுச்சு. நீங்க அரைச்சு மத்தவங்களுக்கு வைக்கும்போது அவங்களோடது சாகுது, உங்களோடது குடியேறுது."

"நல்லா வச்சேன் ராசி" என்றாள். முகம் சுருங்கிப் போயிற்று. "சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் வச்சேனே டாக்டரம்மா. நாலு பேரு முழுவாம கீதுங்க. செவக்கலைன்னா உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்கினுதானே வேலைக்குப் போவுதுங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இத்த எங்க கையில இன்னாத்துக்கு வச்சீங்க? டிரம்முல வச்சிருக்கலாம். செவுத்துல வச்சிருக்கலாம். செவந்தா டிரம்ம வூட்டுக்கு அனுப்பியிருக்கலாம்."

முதல் வரைவில் அது சுவரில் ஒட்டும் அட்டையாகத்தான் இருந்தது. அதற்கு முதலாளிகள் ஒப்பவில்லை. கைக்கு மாற்றியவுடன் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்திலும் நான் இருந்தேன்.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். புதிதாக ஒரு கிருமி செய்துவைத்திருந்தேன். குரோமியத்தைத் தன் உடம்பிலிருந்து வெளியே தள்ளினால்தான் கிருமி பிழைக்கும். அப்படித் தள்ளும் பம்பையும் சாயத்தையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வாட்ச்மேன் நகராவிட்டால் கிருமியே விஷமேறிச் செத்துவிடும். அதனால் ஊமையாக முடியாது. அனுமதி வாங்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

"அதை வச்சா உங்களுக்கு மூணாவது தடவை ஆயிடும்" என்றேன்.

"ஒருத்தி செவந்தா வூட்டுக்கு அனுப்பலாம். எல்லாரும் ஒரே நாள்ல செவந்தா யார அனுப்புவாங்க?"

சில கிருமிகள் தனியாக இருக்கும்போது வாயே திறக்காது, பக்கத்தில் போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று உணர்ந்த பிறகுதான் எல்லாமாகச் சேர்ந்து ஒளிவிடும் என்று வருடா வருடம் மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

"ஆனா சொல்லாம வைக்க மாட்டேன்" என்றாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் இதுதான், இப்பிடித்தான்னு சொல்லித்தான் வைப்பேன். வேணாங்கறவங்களுக்கு வேணாம். எங்களுக்கு மொத தடவை வச்சப்ப யாரும் ஒண்ணும் சொல்லல."

மே மாதக் கடைசியில் சிறு குப்பிகளில் அவளிடம் கொடுத்தேன். இந்த முறை மருதாணி கூடாது, உங்கள் கை அவர்கள் மேல் படக்கூடாது, கையுறை போட்டுப் பஞ்சுக் குச்சியால்தான் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தன் கையிலும் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றவர்கள் இருபத்தேழு பேர்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு யாரும் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார்கள். விளக்கே தேவைப்படவில்லை. நூற்று எண்பத்தாறு பேரின் நகங்கள் வெயிலில் சிவந்திருந்தன. தட்சிணாமூர்த்தி முதலில் மருதாணி என்று கத்தினார், பிறகு எனக்கு போன் செய்தார். "மேடம், என்ன பண்ணிட்டீங்க?" என்றார். குரல் நடுங்கியது. அவரும் தினமும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையை மூடினார்கள். விசாரணை வைத்தார்கள். அரசாங்கம் அதிசயமாக வேகம் காட்டி ஓர் உத்தரவு போட்டது: நகம் சிவந்த எல்லாருக்கும் முழுச் சிகிச்சை, குணமாகும்வரை சம்பளம், டிரம் பிரிவுக்குப் புதுக் காற்றோட்டம். ஊரே பட்டாசு வெடித்தது.

சகாயமேரியின் நகம் மட்டும் சிவக்கவில்லை. மற்றவர்கள் கையில் அந்த ஊமைக் கிருமி சில மாதமாகத்தான் குடித்தனம். அவள் கையிலோ அது வேர்விட்டு, குரோமியத்திலும் மருதாணியிலும் அடிபட்டு உரமேறியிருந்தது. புதியதை ஒட்டவே விடவில்லை. மூன்று முறை வைத்தும் பயனில்லை.

ஜூலையில் கலெக்டர் அலுவலகத்தில் இறுதி அமர்வு. விசாரணை அதிகாரி நிதானமான மனிதர். பட்டியலில் நூற்று எண்பத்தாறு பேர் இருந்தார்கள். சகாயமேரி இல்லை. அவளுடைய சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது என்று ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. பி.பி.யினால்கூட இருக்கலாம் என்றார் தொழிற்சாலை வக்கீல். மூக்கில் இருப்பது எதனால் வந்தது, எந்தத் தொழிற்சாலையில் வந்தது என்று யார் சொல்வது என்றார். தொழிற்சாலையை மூடி ஒரு மாதமானதால் சிறுநீரில் குரோமியம் ஒன்றுமில்லை. "நகம்தான் சாட்சின்னு விதி சொல்லுது. அந்த விதியை எழுதினதே இந்த மேடம்தான். இந்த அம்மா நகம் சுத்தமா இருக்கு. சந்தோஷமான விஷயம்தானே?" என்று முடித்தார்.

எழுந்தேன். "சுத்தமா இருக்கறதுதான் சார் ஆதாரம்" என்று வாட்ச்மேன் கதையை மறுபடி சொன்னேன். ஊமைக் கிருமி அதிகக் குரோமியத்தில், நீண்ட காலம் இருந்தால்தான் ஜெயிக்கும். அந்தக் கையே இரண்டு வருடப் பதிவேடு என்றேன்.

வக்கீல் சிரித்தார். "மே மாசம் அனுமதியில்லாம கண்ட கிருமியையும் குப்பியில குடுத்தவங்க நீங்க. இப்ப அந்தக் கையில என்ன இருந்தாலும் நீங்க வச்சதுன்னுதானே ஆகும்?"

அவர் சொன்னது நியாயம். குப்பிகளைக் கொடுத்த பிறகு எடுக்கும் எந்த மாதிரியும் செல்லாது. அதற்கு முன்னால் எடுத்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குறிப்பேடு என் பையில் இருந்தது. கொண்டுவந்திருந்தேன், ஆனால் எடுப்பேனா என்று ரயில் ஏறும்போதுகூட எனக்குத் தெரியாது. சகாயமேரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கோப்பைப் புரட்டிச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதுல பிப்ரவரி இருபத்தேழுன்னு இருக்கு."

"ஆமா சார்."

"எல்லாம் பாதுகாப்பா இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டது மார்ச் மூணு."

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

தட்டச்சு செய்பவரை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். என்மேல் வழக்கு வரும் என்பதையும் மரியாதையாகச் சொன்னார். சகாயமேரியின் பெயர் நூற்று எண்பத்தேழாவதாகப் பட்டியலில் ஏறியது. உடனே சிகிச்சைக்கு அனுப்ப உத்தரவும் தட்டச்சானது.

வெளியே படிக்கட்டில் அவள் எனக்காக நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட ஒரு ஆசை இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

"பிப்ரவரியிலயே தெரியுமா டாக்டரம்மா?"

"தெரியும்."

உத்தரவுத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"மார்ச்சுல மூணாவது ஷிப்டு தொறந்தாங்க. நானும் அந்த முழுவாம இருந்த நாலு பேருந்தான் அதுக்குப் பேரு குடுத்தோம். செவக்கலியே, போலாம்னு நான்தான் அதுங்கள கூட்டிக்கினு போனேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.